எதிர்ச்சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி, கை வைத்த நாற்காலியில் சித்தப்பா. மின்சார அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கை வைத்த நாற்காலி எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு வலப்பக்கம் அம்மா. இடது முட்டியை மடக்க முடியாததால் காலை நீட்டி வைக்க இன்னொரு நாற்காலி. ஆகவே அம்மாவை இரண்டு பேராகக் கணக்கிட வேண்டும். அம்மாவுக்கு எதிரில் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், கண்ணாடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். அவர் பக்கத்தில் நான். தங்கைக்கு நாற்காலி மிஞ்சவில்லை. தான் வேலை செய்யும் சுழல் நாற்காலியை உள்ளறையிலிருந்து உருட்டி வந்து மேசை மூலையில் உட்கார்ந்தாள். அது உயரமான நாற்காலி. அவள் தலை எங்கள் எல்லோருக்கும் அரையடி மேலே இருந்தது.

மேசை நடுவில் ஒரு கடிதம். பறக்காமலிருக்கச் சர்க்கரை டப்பாவை அதன்மேல் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் தங்கை விட்டுவிட்டு வந்த கம்பெனி அனுப்பியது. கையொப்ப அதிகாரி என்ற பதவி, நிரந்தர வேலை, பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. சம்மதமா இல்லையா என்பதை எழுதிக் கையெழுத்திட்டு, புதன்கிழமைக்குள் கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் செல்லாது.

எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும் அது என் கை வழியாகத்தான் போகும். ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருக்கிறேன். வந்த கடிதம், போன கடிதம், பதில் போகாத கடிதம் என்று மூன்று பதிவேடுகள் என் பொறுப்பு. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டுக் கோடு இழுத்த பிறகுதான் இன்றைக்கும் எனக்கு யோசனையே ஓடும். அன்று நான் வெறுங்கையோடு போகவில்லை. 'தங்கள் அழைப்பை மகிழ்வுடன் ஏற்கிறேன்' என்று தொடங்கும் கடிதத்தைச் சனிக்கிழமையே சுத்தப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். தங்கை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தேன்.

தங்கையின் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பெரிய கட்டடங்களில் மாடிக்கு மாடி சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவது என்று பச்சை அம்பு போட்டுக் காட்டும் படம். அதில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் 'நீங்கள் இருக்கும் இடம்' என்று இருக்கும். அந்தப் படங்களை வரைகிறவள் அவள். கம்பெனியில் ஒன்பது வருடம் வரைந்தாள். பிறகு வெளியே வந்து தனியாக வரைகிறாள். ஒரு பள்ளிக்கூடம் கூப்பிடும், ஒரு தங்கும் விடுதி கூப்பிடும். போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ளறையில் உட்கார்ந்து வரைவாள். சில வாரம் சாப்பிட நேரம் இருக்காது. சில வாரம் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலுள்ள அலமாரியையெல்லாம் துடைப்பாள்.

வீட்டில் உட்கார்ந்து செய்வதை வேலையென்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. மேல் வீட்டுக்காரர்கள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கீழ் வீட்டுக்கு வரும் பார்சலை அவள்தான் வாங்கி வைப்பாள். 'நீங்க வீட்லதானே இருக்கீங்க' என்பது அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

"கடிதத்தை இன்னொரு தடவை படி," என்றார் சித்தப்பா.

படித்தேன்.

"நிரந்தரம்," என்று அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து மென்றார் சித்தப்பா. "அரைக்காசு உத்தியோகம்னாலும் அரண்மனை உத்தியோகம்னு சும்மாவா சொன்னாங்க? மாசம் பொறந்தா சம்பளம். லீவு போட்டா சம்பளம். காய்ச்சல்னு படுத்தா சம்பளம்."

"தூங்கினாலும் சம்பளம்," என்றார் அம்மா.

"அண்ணி, அது ராத்திரி ஷிஃப்ட்."

"பகல் ஷிஃப்ட்லயும்தான் தம்பி. உங்க அண்ணன் சாப்பாடு கொண்டு வந்தப்போ பார்த்தாராம். எழுப்ப மனசில்லாம டப்பாவைப் பக்கத்துல வெச்சுட்டு வந்தாராம்."

சித்தப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ இஷ்டம்," என்றார் மாப்பிள்ளை. காலையிலிருந்து அது மூன்றாவது தடவை.

"இஷ்டம்னு சொல்லவா உங்களை உட்கார வெச்சிருக்கு? அதுக்கு ஒரு தலையாட்டி பொம்மையை வெச்சிருந்தா போதுமே!"

மாப்பிள்ளை தேநீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். கண்ணாடி எதைக் கண்டாலும் அப்படிப் பார்ப்பது அவருக்கு வழக்கம். "கேட்கறீங்க, சொல்றேன். போன மாசம் ஒரே வாரத்துல மூணு வேலை வந்துச்சு. நாலு நாள் என்கிட்ட பேசவே இல்லை. இந்த மாசம் ஒரு வேலையும் வரலை. இப்பவும் பேசலை. நடுவுல ஒரு நாள் பேசினா. நல்லாத்தான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள்.

ஆனால் மேசையில் இருந்த உண்மையான விஷயம் அம்மாவின் முட்டி. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிவிட்டது. கம்பெனி காப்பீட்டில் அது முழுவதும் அடங்கும். தனியாக வேலை செய்கிறவளுக்கு அப்படியொரு காப்பீடு எங்கிருந்து வரும்? அம்மா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீட்டிய காலை இரண்டு கையாலும் தூக்கி, நாற்காலியில் சற்றுத் தள்ளி வைத்தார். அதுவும் ஒரு பேச்சுதான்.

"வேலை பிடிக்கலைன்னு நான் சொல்லலை," என்றாள் தங்கை. "ஏழாவது நிபந்தனையைப் படி அண்ணா."

படித்தேன். 'களப்பார்வையைத் தனிக் குழு மேற்கொள்ளும். கையொப்ப அதிகாரி அலுவலகத்தில் இருந்தபடி நாளொன்றுக்கு நாற்பது வரைபடங்கள் வரை ஒப்புதல் அளிப்பார்.'

"நாற்காலியை விட்டு எந்திரிக்கவே வேண்டாமா!" என்றார் சித்தப்பா. "அம்மாடி, இதுக்கா யோசிக்கறே? எங்க காலத்துல இப்படி ஒரு வேலைக்கு மலையைத் தலைகீழா சுத்தியிருப்போம்."

"போய் நின்னு பார்க்காத இடத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சித்தப்பா."

"அதான் ஒரு குழு போய்ப் பார்க்குதே."

"குழு பார்க்கும். நான் பார்க்கமாட்டேன்."

"பெரிய கம்பெனின்னா ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிப்பாங்க. நாலு கண்ணு. தனியா பண்றவங்களுக்கு யாரு இருக்கா? அவனவன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக் குடுத்துட்டுப் போயிடறான். அப்படி எவனோ ஒரு தனி ஆள் போட்ட படத்தாலதானே இவன் செத்தான்!"

இவன் என்று அவர் காட்டியது என்னை.

நான் செத்த கதை குடும்பத்தில் பிரசித்தம். எங்கள் அலுவலகம் புதுக் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு மாறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் தீ மணி அடித்தது. பயிற்சிதான், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. லிஃப்டில் ஏறக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதுவரை லிஃப்டைத் தவிர வேறு எதிலும் ஏறி இறங்கியதில்லை என்பதால் படிக்கட்டு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நடைபாதையின் இரண்டு கோடியிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கதவு. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அம்பு இடப்பக்கம் காட்டியது. "இந்தப் பக்கம் வாங்க, வரிசையா வாங்க," என்று நானே குரல் கொடுத்தேன். இடக்கோடிக் கதவைத் திறந்து பத்தொன்பது பேர் உள்ளே போனோம். அது துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கும் அறை. பின்னால் வருகிறவர்கள் தள்ளியதால் முன்னால் போனவர்கள் திரும்ப முடியவில்லை. அவசரத்தில் யாரோ கதவையும் சாத்திவிட்டார்கள். பதினொரு நிமிடம் கழித்து விசில் ஊதிக்கொண்டு வந்த பயிற்சி அதிகாரி கதவைத் திறந்து எங்களை எண்ணினார். அவர் கொடுத்த அறிக்கை என் மேசைக்குத்தான் வந்தது. வந்த கடிதப் பதிவேட்டில் நானே பதிந்தேன். 'நான்காம் மாடி: பத்தொன்பது பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டனர்.' எண்ணிய வரிசையில் நான் ஏழாவது.

இதை நான் அந்த மேசையிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை எழுந்து நின்று நடித்தும் காட்டுவேன். அன்றும் சித்தப்பா கேட்டார், நடித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "செத்தவன் வந்து லெட்டர் எழுதித் தர்றான், குடுத்து வெச்ச குடும்பம்," என்றார் சித்தப்பா.

"அது தனி ஆள் போட்டது இல்லை சித்தப்பா," என்றாள் தங்கை. "கம்பெனி போட்டது."

"எந்தக் கம்பெனி?"

"இந்தக் கம்பெனி." சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் கடிதத்தின் தலைப்பைக் காட்டினாள். "வரைஞ்சது நான். கையெழுத்துப் போட்டதும் நான்."

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன், துடைப்பத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கையை வைத்தபடி. உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். படத்தைப் பார்ப்பவன் எந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறானோ அந்தத் திசைக்கு ஏற்றபடிதான் படம் வரைய வேண்டும். எங்கள் நடைபாதையின் ஒரு சுவருக்கென்று வரைந்தாள். அந்தச் சுவரைப் பார்த்து நின்றால் படிக்கட்டு இடப்பக்கம். மாட்டப் போன ஆட்கள் அங்கே மின்பெட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சுவரில் சட்டத்தை மாட்டினார்கள்; அவள் கையெழுத்திட்ட பிறகுதான் படம் அதற்குள் போகும். எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றால் இடம் வலமாகும், வலம் இடமாகும். படத்தில் அம்பு அப்படியே இருந்தது. அது காட்டிய இடத்தில் துடைப்ப அறை இருந்தது. ஆட்கள் மேல் தப்பில்லை. அவளுக்கு அனுப்பிய படிவத்தில் 'எதிர்ச்சுவரில் மாட்டப்பட்டது' என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள்.

"அதை நான் படிச்சேன்," என்றாள் தங்கை. "படிச்சுட்டுத்தான் படத்துல கையெழுத்துப் போட்டேன். மணி அஞ்சு இருபது. அஞ்சரைக்கு கம்பெனி வண்டி கிளம்பிடும். அதை விட்டா ரெண்டு பஸ் மாறணும். அன்னைக்கு மேசையில இன்னும் ஆறு படிவம் இருந்துச்சு."

"மறுநாள் போய்ப் பார்த்திருக்கலாமே," என்றார் மாப்பிள்ளை. அவரும் அன்றுதான் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்படித்தான் நினைச்சேன். அண்ணன் ஆபீஸ்தானே, எப்ப வேணும்னாலும் போய்ப் பார்த்துக்கலாம்னு. தெரியாத இடமா இருந்திருந்தா அன்னைக்கே ஃபோன் பண்ணியிருப்பேன்."

"மூணு வருஷமா இவன் இங்கே கூத்தாடறான். நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சியே," என்றார் அம்மா.

"முதல் தடவை சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியலை."

முதல் தடவை நான் அந்தக் கதையைச் சொன்னது ஒரு சனிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேலையை விட்டாள். எங்களிடம் ஆள் குறைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் சித்தப்பா. குரல் இறங்கியிருந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"பயிற்சிங்கறதால ஆகலை."

"இனிமே அங்கே ஜாக்கிரதையா இரு. அவ்வளவுதானே?"

"நாற்பது படம், அஞ்சரை வண்டி. அங்கே எப்படி ஜாக்கிரதையா இருக்கறது? இப்பவும் நான் தப்பு பண்ணுவேன் சித்தப்பா, பண்ணமாட்டேன்னு சொல்லலை. ஆனா இப்ப எனக்கு வண்டி கிடையாது. சரியா இருக்குன்னு தோணற வரைக்கும் அங்கேயே நிப்பேன். வாட்ச்மேன் வந்து போம்மான்னு சொல்ற வரைக்கும் நின்னிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சரியான படம் வரைஞ்சு கம்பெனி மேலாளர் கையில குடுத்துட்டுத்தான் வெளியே வந்தேன். இப்ப அதுதானே அங்கே இருக்கு?"

நான் யோசிக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் பிறகு கட்டட நிர்வாகத்துக்கு எழுதினோம். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. பதிந்து கோப்பில் சேர்த்தேன். யாரோ படத்தின் கண்ணாடிமேல் மார்க்கரால் எதிர்ப்பக்கம் ஓர் அம்பு போட்டார்கள். பிறகு சுத்தம் செய்கிறவர்கள் அதைப் பளிச்சென்று துடைத்துவிட்டார்கள்.

"அதே படம்தான் இருக்கு," என்றேன். "எங்களுக்குத்தான் வழி தெரியுமே. யாரும் அதைப் பார்க்கறதில்லை."

"புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா?"

"பதினோரு பேர்."

அவள் சுழல் நாற்காலி இப்படியும் அப்படியும் கால்வட்டம் திரும்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை உன் ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன்," என்றாள். "மேலே வரலை."

அம்மா நீட்டிய காலைத் தரையில் இறக்கினார். இறக்கும்போது முகம் சுருங்கியது. "என் முட்டியைக் காட்டி யாரும் யாரையும் வேலைக்கு அனுப்ப வேண்டாம். அப்புறம் நான் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. என் அலுவலகத்திலும் காப்பீடு உண்டு. அதன் படிவத்தில் 'சார்ந்தோர்' என்று நான்கு கோடுகள் இருக்கும். மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று கோட்டை நிரப்பியிருக்கிறேன். அம்மா தங்கை வீட்டில் இருப்பதால் நான்காவது கோட்டைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. சொன்னேன். வருடத்துக்கு ஒரு முறைதான் அந்தப் படிவத்தைத் திருத்த விடுவார்கள், இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"இருபது வருஷமா காலியா வெச்சிருந்தவன் எட்டு மாசத்துல எழுதிடுவியா?" என்றார் அம்மா.

"எழுதிடுவேன்மா."

"ஊருக்கெல்லாம் படிவம் பூர்த்தி பண்றவன்," என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டார். "எட்டு மாசம்தானே. இது எங்கே ஓடிடப் போகுது? ஓட முடிஞ்சாத்தான் பிரச்சினையே இல்லையே."

சனிக்கிழமைப் பிரதியை வெளியே எடுக்காமல் கோப்பின் அடியில் தள்ளினேன். புதுத்தாள் எடுத்து அனுப்புநர் என்று போட்டு அவள் பெயரை எழுதினேன். பெயருக்குக் கீழே பதவி எழுத வேண்டும். சனிக்கிழமைப் பிரதியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். இந்த மூன்று வருடத்தில் அவளுக்காக எழுதிய எல்லாக் கடிதத்திலும் காலியாகத்தான் விட்டிருந்தேன்.

"என்னன்னு போடறது?"

"வரைபடம் வரைபவர்னு போடு."

"எந்த நிறுவனம்?"

"எந்த நிறுவனமும் இல்லை. அதோட நிறுத்து."

எழுதினேன். பொருள் போட்டேன், கோடு இழுத்தேன். 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பித்தேன்.

"எந்தச் சூழ்நிலை?" என்றாள், உயரத்திலிருந்து எட்டிப் பார்த்து.

"பொதுவா அப்படித்தான் எழுதறது. யார் மனசும் நோகாது."

"அடிச்சுடு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பதவியை ஏற்க இயலாது. நேரில் போய்ப் பார்க்காத இடத்துக்குக் கையொப்பமிட இயலாது. தனித்தனி வேலையாகக் கொடுத்தால், இடத்தைப் பார்த்து வரைந்து, மாட்டிய பிறகும் ஒரு முறை பார்த்துக் கையொப்பமிட்டுத் தர இயலும்.

"வேலை வேண்டாம்னும் எழுதறே, வேலை குடுன்னும் எழுதறே," என்றார் சித்தப்பா. "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு."

"ரெண்டு காலும் ஆத்துலதான் சித்தப்பா. படகுதான் வேண்டாம்கறேன்." பிறகு என்னிடம், "அடுத்த வரி எழுது. நான்காம் மாடி வரைபடம் சுவர் மாற்றி மாட்டப்பட்டதை அறிந்தே ஒப்புதல் அளித்தேன். தவறு என்னுடையது."

பேனாவை எடுத்துவிட்டேன். பிறர் கடிதங்களில் இப்படிப்பட்ட வரியைக் கண்டால் அடித்துவிட்டுத்தான் சுத்தப் பிரதி எடுப்பேன். 'நேர்ந்த தவறு' என்று எழுதலாம். 'கவனத்துக்கு வந்துள்ளது' என்று எழுதலாம். யாருடையது என்று மட்டும் எழுதக் கூடாது.

"இது காகிதம். காலத்துக்கும் இருக்கும்," என்றேன். "அவங்க இதை நாலு இடத்துல காட்டுவாங்க. பள்ளிக்கூடம், விடுதி எல்லாம் உன்னைக் கூப்பிடறது உன் பேரை நம்பித்தான். கம்பெனியில இருந்தா கம்பெனி பின்னால நிக்கும். உனக்கு யாரு நிப்பா?"

"யாரும் நிக்கமாட்டாங்க."

"வேலையே வராம போனா?"

"அலமாரி துடைப்பேன்," என்றாள். "அண்ணா, அந்தப் படத்துல போட்ட கையெழுத்தும் காகிதத்துலதான் இருக்கு. அதுவும் காலத்துக்கும் இருக்கும்."

மாப்பிள்ளை டம்ளரை வைத்துவிட்டு, "எழுதுங்க மச்சான்," என்றார். அன்று அவர் இஷ்டம் என்ற சொல்லைச் சேர்க்காமல் சொன்ன முதல் முடிவு அது.

எழுதினேன். ஆனால் அவள் அப்போதே கையெழுத்துப் போடவில்லை. இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றாள். தன் கடிதத்துக்கும் அதே விதிதான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை உணவு இடைவேளையில் வந்தாள். தோளில் ஒரு நீளப்பை. லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டு வழியாக நான்கு மாடியும் ஏறி வந்ததால், நான் அவளுக்காக லிஃப்ட் வாசலில் காத்திருந்தது வீணானது. வலக்கோடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் நேராக நடந்து படத்துக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருடமாக அவள் வேலை செய்வதை நான் பார்த்ததில்லை. பையைக் கீழே வைத்தாள். இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், இடக்கையை நீட்டினாள், நீட்டிய கையைத் தொடர்ந்து தலையைத் திருப்பினாள். கை துடைப்ப அறையைக் காட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தப் பக்கம் நடந்தாள். உதடு அசைந்ததில் காலடிகளை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுச் சாத்தினாள். திரும்பி எண்ணிக்கொண்டே வந்தாள்.

அப்போது கணக்குப் பிரிவில் போன மாதம் சேர்ந்த பெண் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தாள். தங்கை அவளை நிறுத்தினாள்.

"ஒரு சந்தேகம். இப்ப தீ மணி அடிச்சா நீங்க எந்தப் பக்கம் போவீங்க?"

அந்தப் பெண் சட்டென்று படத்தைப் பார்த்தாள். விரலை அம்பின்மேல் வைத்தாள். ஈர விரல் கண்ணாடியில் ஒரு கோடு போட்டது. "இந்தப் பக்கம் அக்கா," என்று துடைப்ப அறையைக் காட்டிவிட்டு, "சரிதானே?" என்று சிரித்தாள்.

தங்கை அவளைக் கையைப் பிடித்து வலக்கோடிக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து படிக்கட்டைக் காட்டினாள்.

நான் எங்கள் மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். சாதாரணமாக எதற்கும் எழுதிக் கொடுங்கள் என்பவர். ஆனால் பத்தொன்பது பேரில் அவர் மூன்றாவது. "முதல்ல மாத்தச் சொல்லுங்க, அப்புறம் எழுதிக்கலாம்," என்றார்.

நீளப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். நான்கு திருகாணி. கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் வரைந்த புதுப்படத்தை எடுத்தாள். அம்பு போட்டிருந்தது, சிவப்புப் புள்ளி இருந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் படிக்கட்டு வரை இத்தனை அடி என்று எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். எண்ணியதை அங்கே எழுதினாள். கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டாள். இறுக்கிய பிறகு மறுபடியும் எதிரே போய் நின்று கையை நீட்டினாள். இந்தத் தடவை வலக்கை.

கழற்றிய பழைய படம் என் கையில் இருந்தது. மூன்று வருடமாகத் தினம் நான்கு தடவையாவது அதைக் கடந்து போயிருக்கிறேன். கீழ் மூலையைப் பார்த்ததில்லை. கடுகளவு எழுத்தில் தேதி. பக்கத்தில் அவள் கையெழுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கடைசியில் இழுக்கும் அந்த வால் கோட்டோடு. அவசரத்தில் போட்டது. வால் பாதியிலேயே நின்றிருந்தது.

"இதை என்ன பண்றது?" என்றேன்.

"கடிதத்தோட வை."

என் மேசைக்கு வந்தோம். சுத்தப் பிரதியின் அடியில் 'இணைப்பு: பழைய வரைபடம், ஒன்று' என்று சேர்த்தேன். அவள் நின்றபடியே முழுக் கடிதத்தையும் படித்தாள். 'தவறு என்னுடையது' என்ற வரியில் விரலை வைத்து, நான் எதையும் மென்மையாக்கிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். கையெழுத்துப் போட்டாள். வால் முழுதாக வந்தது.

அலுவலக உறையையும் பசையையும் சொந்தக் கடிதத்துக்கு எடுப்பது என் வழக்கமில்லை. படிக்கட்டில் இறங்கி, தெருவைக் கடந்து, தபால் நிலையத்துக்குப் போனோம். பெரிய உறை வாங்கினேன். பழைய படத்தை நான்காக மடித்தேன். சிவப்புப் புள்ளி மடிப்புக்கு உள்ளே போனது. கடிதத்தை மேலே வைத்து இரண்டையும் உள்ளே தள்ளினேன். பசைப்புட்டியில் குச்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை அதைத் திருகி எடுத்து, மடலின் ஓரத்தில் விட்டுப்போகாமல் தடவி, உள்ளங்கையால் அழுத்தி, பத்து எண்ணினாள்.

பெறுநர் முகவரியை இன்னொரு தடவை சரிபார்த்துப் பதிவுத் தபால் வரிசையில் நின்றோம். எழுத்தர் உறையைத் தராசில் வைத்தார். "புதன்கிழமைக்குள்ள போயிடுமா?" என்று கேட்டேன். "நாளைக்கே போயிடும்," என்றவர், முத்திரையை இரண்டு தடவை குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே உறையை முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்குப்பையில் போட்டார்.